தூரத்து மலைக்கு எந்த லென்ஸ்?

பொழுதுபோக்காகப் படமெடுக்கத் தொடங்குகிறவர்களில் பலருக்கு முதல் ஆசை மலையும் கடலும் வயலும்தான். ஆளைப் படமெடுக்க அந்த ஆள் இசைய வேண்டும். பறவையைப் படமெடுக்க விலையேறிய லென்ஸும் பல மாதப் பொறுமையும் வேண்டும். இயற்கைக் காட்சிக்கு ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி விடியற்காலையில் போய் நின்றால் போதும். ஆனால் அதற்கென்று கேமரா வாங்க விசாரித்தால் கடைக்காரரும் விவரமறிந்த நண்பரும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: லேண்ட்ஸ்கேப் என்றால் வைடு ஆங்கிள் லென்ஸ், முடிந்தால் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமரா. புதிதாக வாங்கினால் இரண்டும் சேர்ந்து லட்ச ரூபாயைத் தாண்டும். அவ்வளவு கொடுத்து வாங்கிய பிறகு, நேரில் நெஞ்சை அடைத்த மலை படத்தில் அடிவானத்தை ஒட்டிய கோடாகச் சுருங்கிக் கிடக்கும்போது, தனக்குப் படமெடுக்க வரவில்லை என்று அந்தப் புதியவர் முடிவுகட்டிவிடுகிறார். தவறு அவரிடம் இல்லை. அவருக்குக் கிடைத்த ஆலோசனையில் இருக்கிறது. நிலக்காட்சி எடுக்கத் தொடங்குகிறவருக்கு விலை குறைந்த நடுத்தரக் கேமராவே தாராளம். அதோடு வரும் கிட் லென்ஸுக்கு அடுத்து அவர் வாங்க வேண்டிய லென்ஸ், தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி. வைடு லென்ஸ் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரலாம்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். தூரத்துப் பொருள் கேமராவின் சென்சாரில் எவ்வளவு உயரமாக விழும் என்பதை அதன் உயரம், அது இருக்கும் தூரம், லென்ஸின் குவியத் தொலைவு ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. உயரத்தைத் தூரத்தால் வகுத்துக் குவியத் தொலைவால் பெருக்கினால் விடை வந்துவிடும். தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்வெளிகளில் நின்று மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை சமவெளியிலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலாக எழுந்து நிற்கிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 1,000 மீட்டர் உயர மலை 10 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மி.மீ. வைடு லென்ஸில் அந்த மலை சென்சாரில் 1 மி.மீ. உயரத்துக்கு விழும். 18 மி.மீ. லென்ஸில் 1.8 மி.மீ., 55 மி.மீ. லென்ஸில் 5.5 மி.மீ., 135 மி.மீ. லென்ஸில் 13.5 மி.மீ. தொடக்கநிலைக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் 15 மி.மீட்டருக்குச் சற்று முன்பின். ஆகவே 10 மி.மீ. லென்ஸ் மாட்டியவரின் படத்தில் மலைக்குக் கிடைப்பது சட்டத்தின் பதினைந்தில் ஒரு பங்குதான்; மற்றதெல்லாம் வானமும் வரப்பும். 135 மி.மீ. மாட்டியவருக்கு மலை ஏறக்குறைய சட்டம் முழுக்க நிறைந்துவிடுகிறது.

நேரில் அந்த மலை ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது? கண் நுணுக்கமாகப் பார்ப்பது பார்வையின் நடுவிலுள்ள சில டிகிரியை மட்டுமே. மலையைப் பார்க்கும்போது கவனம் முழுவதும் அந்தச் சில டிகிரிக்குள் குவிகிறது. மின்கம்பமும் வேலியும் சாலையோர விளம்பரப் பலகையும் பார்வைக்குள் இருந்தாலும் மனம் அவற்றை ஒதுக்கிவிடுகிறது. வைடு லென்ஸ் எதையும் ஒதுக்குவதில்லை. 10 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சி கேமராவில் கிட்டத்தட்ட 100 டிகிரி அகலத்தை விழுங்குகிறது, 200 மி.மீ. லென்ஸ் 7 டிகிரிக்கும் குறைவாகவே பார்க்கிறது. மலையை நோக்கி மனம் செய்யும் அந்தத் தேர்வை நெருக்கமாகப் பின்பற்றுவது பின்னதுதான். காட்சி முழுவதையும் படத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணமே பல நிலக்காட்சிப் படங்களை வெறுமையாக்கிவிடுகிறது.

இது கணக்கில் மட்டும் சரியாக வரும் வாதம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நிலக்காட்சிப் படக்கலையின் முதல் பெயராகச் சொல்லப்படும் ஆன்சல் ஆடம்ஸை எடுத்துக்கொள்ளலாம். 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் அவர் எடுத்த நிலவெழும் படம் உலகப் புகழ்பெற்றது: கீழே கல்லறைச் சிலுவைகள், நடுவில் பனிமலைகள், மேலே கரிய வானில் நிலா. அதை அவர் 8க்கு 10 அங்குலப் படத்தாள் போடும் பெரிய கேமராவில், 23 அங்குலக் குவியத் தொலைவு கொண்ட லென்ஸால் எடுத்தார். அந்த அளவு கேமராவுக்கு இயல்பான லென்ஸ் 12 அங்குலத்தை ஒட்டியது. அவர் பயன்படுத்தியது அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். இன்றைய ஏபிஎஸ்-சி கேமராவின் கணக்கில் அது 50 முதல் 55 மி.மீ. அதாவது பெரும்பாலான கிட் லென்ஸ்களைக் கடைசிவரை திருகினால் கிடைக்கும் கோணம். 1960-இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறைக்குமேல் நிலா நிற்கும் படத்தை ஹாசல்பிளாட் கேமராவில் 250 மி.மீ. லென்ஸ் மாட்டி எடுத்தார். இன்றைய கணக்கில் சுமார் 90 மி.மீ. இரண்டு படங்களிலும் நிலாவைத் தூசியளவுக்குச் சுருங்கவிடாமல் காப்பாற்றியது லென்ஸின் நீளம். எலியட் போர்ட்டர் என்ற மற்றோர் அமெரிக்கர் வானத்தையே விட்டுவிட்டுப் பாறைப்பாசி, உதிர்ந்த இலை, ஓடைத்துண்டு என்று நிலத்தின் சிறு பகுதிகளை வண்ணத்தில் எடுத்தார். 1979-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அவற்றைத் தனிக் காட்சியாக வைத்தது. நிலக்காட்சி என்றால் அகன்ற காட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்பது இந்தக் கலையின் மரபிலேயே இல்லாத விதி.

வைடு லென்ஸால் பெரும் படைப்புகள் பிறந்திருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டேவிட் மியூன்ச்சின் படங்களில் காலடியில் கிடக்கும் பூவோ பாறையோ பிரமாண்டமாக எழுந்து, அதன் பின்னால் மலைத்தொடர் ஓடுகிறது. வைடு லென்ஸின் உண்மையான வேலை இதுதான்: அருகிலிருப்பதைப் பெரிதாக்கி, தூரத்திலிருப்பதைச் சிறிதாக்கி, இரண்டுக்கும் இடையில் ஆழத்தை உண்டாக்குவது. ஆனால் அதற்கு முழங்கால் தூரத்தில் பார்க்கத் தகுந்த ஒரு முன்னணிப் பொருள் வேண்டும். கேமராவைத் தரையோடு இறக்க வேண்டும். சட்டத்தின் நான்கு ஓரங்களிலும் வேண்டாதது நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேமரா சற்றே மேலோ கீழோ சாய்ந்தால் மரங்களும் கோபுரங்களும் சரிந்து தெரிவதையும் சமாளிக்க வேண்டும். இத்தனையையும் ஒரே நேரத்தில் கவனிப்பது பழகிய கைகளுக்கு முடியும். முதல் வருடத்தில் இருப்பவருக்கு, எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விலக்குவது என்று கற்பதே முக்கியம். அதை டெலி லென்ஸ் தானாகவே பழக்கிவிடுகிறது.

கோயில் பிராகாரம், குறுகிய பள்ளத்தாக்கு, அருவியின் அடிவாரம் என்று பின்னால் நகர இடமில்லாத இடங்களில் என்ன செய்வது? அங்கே அகலம் தேவைதான். ஆனால் அதற்காகத் தனி லென்ஸ் வாங்க வேண்டியதில்லை. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, இடமிருந்து வலமாகத் திருப்பி, ஒன்றன்மேல் ஒன்று மூன்றிலொரு பங்கு படியும்படி ஐந்தாறு படங்கள் எடுத்து, இலவச மென்பொருளில் இணைத்துவிடலாம். இது கணினிக் காலத்து உத்தி என்று தோன்றலாம். 1858-இல் சென்னை மாகாணத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை ஒரே நீளப் படமாகக் காட்ட விரும்பினார். எந்த லென்ஸாலும் அதை ஒரே சட்டத்தில் பிடிக்க முடியாது. ஆகவே நகர்ந்து நகர்ந்து காகித நெகட்டிவ்களில் எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளமாக்கினார். தமிழ்நாட்டு மண்ணில் நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்த வேலை இது. இணைத்த படத்துக்கு ஒரு கூடுதல் லாபமும் உண்டு: ஐந்து படங்களின் நுணுக்கமும் ஒன்றில் சேர்ந்துவிடுவதால், மலிவான கேமராவிலிருந்தும் சுவரளவுப் படம் கிடைக்கிறது.

இனி கைப்பேசி. நல்ல கைப்பேசி இருக்கும்போது கேமரா எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நேர்மையான பதில், வைடு காட்சிகளுக்குக் கேமரா பெரும்பாலும் வேண்டாம் என்பதே. கைப்பேசியின் பிரதான லென்ஸ் பார்க்கும் கோணமும் கிட் லென்ஸின் 18 மி.மீ. முனை பார்க்கும் கோணமும் ஏறக்குறைய ஒன்று. பல கைப்பேசிகளில் அதைவிட அகன்ற இரண்டாவது லென்ஸும் இருக்கிறது. பட்டப்பகலில் கைப்பேசி அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்துக் கலந்து, வானத்தின் வெளிச்சத்தையும் நிழலின் விவரத்தையும் ஒருசேரக் காப்பாற்றித் தரும் வேலை உண்மையிலேயே அருமையானது. ஆகவே கைப்பேசி வைத்திருப்பவர் கேமராவுக்கு மேலும் ஒரு வைடு லென்ஸை முதலில் வாங்குவது, கையில் இருப்பதையே மறுபடி காசு கொடுத்து வாங்குவதுதான். கைப்பேசியால் முடியாதது எதுவோ அதற்குத்தான் கேமரா வாங்க வேண்டும். அந்தப் பட்டியலில் முதலிடம் தூரத்துக்கு. விலையுயர்ந்த கைப்பேசிகளில் ஐந்து மடங்கு ஜூம் வந்துவிட்டது என்றாலும், அந்த லென்ஸுக்குப் பின்னாலுள்ள சென்சார் பொதுவாகப் பிரதான கேமராவுடையதைவிடச் சிறியது. வெளிச்சம் மங்கும் அதிகாலையிலும் அந்தியிலும் பாறையின் சொரசொரப்பும் மரத்தின் இலையும் நீர்வண்ண ஓவியம்போல் குழம்பிவிடும். அப்படிப்பட்ட கைப்பேசியின் விலையில் கேமராவும் இரண்டு லென்ஸும் வாங்கலாம்.

வைடில் எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெட்டிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். 18 மி.மீ. லென்ஸில் எடுத்த படத்தை 135 மி.மீ. கோணத்துக்கு வெட்டினால் அகலமும் உயரமும் ஏழரை மடங்கு குறையும். பரப்பு 56 மடங்கு குறையும். 24 மெகாபிக்சல் படத்தில் அரை மெகாபிக்சல்கூட மிஞ்சாது. சாதாரணத் தொலைக்காட்சித் திரையை நிரப்பவே 2 மெகாபிக்சல் தேவைப்படுகிறது.

கேமராவுக்கு வருவோம். தொடக்கநிலைக் கேமராக்களில் 24 மெகாபிக்சல் என்பது 2012-இல் வந்த நிகான் டி3200 முதலே வழக்கமாகிவிட்டது. 24 மெகாபிக்சல் என்றால் 6,000க்கு 4,000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சகத் தரத்தில் 20 அங்குல அகலப் படம் போடலாம். வீட்டுச் சுவரில் மாட்ட அது போதும். 4கே தொலைக்காட்சியே 8 மெகாபிக்சலைத்தான் காட்டுகிறது. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பெரிய லாபம் மங்கிய வெளிச்சத்தில் வேகமாக எடுக்க வேண்டிய திருமண மண்டபம், விளையாட்டு மைதானம் போன்ற இடங்களில் தெரியும். நிலக்காட்சி எடுப்பவர் கேமராவை முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ 100-இல், தேவைப்பட்டால் ஒரு விநாடிகூட ஷட்டரைத் திறந்து வைக்கிறார், மலை அசையாது. அங்கே இரண்டு சென்சார்களுக்கும் உள்ள வேறுபாட்டை அச்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்டுபிடிப்பது கடினம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 135 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சி கேமராவில் காட்டும் கோணத்தை ஃபுல் ஃப்ரேமில் காண 200 மி.மீ. லென்ஸ் வேண்டும். நீளம் கூடினால் எடை கூடும், விலை கூடும். தூரத்தை விரும்புகிறவருக்குச் சிறிய சென்சார் ஒரு வகையில் உதவியே செய்கிறது.

புதிதாக வாங்குவதானால் கேனான் ஆர்100, ஆர்50, நிகான் இசட்30 போன்ற மிரர்லெஸ் கேமராக்கள் இருக்கின்றன. ஆனால் பணத்தை எண்ணிச் செலவழிக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது பயன்படுத்திய கேமராக்களை: நிகான் டி3300, டி3500, கேனான் 1500டி, சோனி ஏ6000 ஆகியவை. கேனானும் நிகானும் 2018-இல் புதிய லென்ஸ் வாய்களுக்கு மாறிய பிறகு பழைய டிஎஸ்எல்ஆர்களைப் பலர் விற்றுவிட்டார்கள். அதனால் நல்ல நிலையிலுள்ளவை மலிவாகக் கிடைக்கின்றன. செத்துப்போன அமைப்பில் பணம் போடலாமா என்று எச்சரிப்பவர்கள் உண்டு. கேனானின் இஎஃப் லென்ஸ்கள் 1987 முதலும் நிகானின் எஃப் வாய் லென்ஸ்கள் 1959 முதலும் செய்யப்பட்டவை. சந்தையில் அவற்றுக்குப் பஞ்சம் வரப் பல காலம் ஆகும். பிற்காலத்தில் மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் அடாப்டர் மாட்டி இஎஃப் லென்ஸ்களை ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். நிகானில் ஒரு கவனம் தேவை: டி3000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று குறித்த லென்ஸாகப் பார்த்து வாங்க வேண்டும். நிழல் பகுதிகளைக் கணினியில் தூக்கிப் பார்க்கும்போது இந்தத் தலைமுறை நிகான், சோனி சென்சார்கள் கேனானைவிடச் சுத்தமாக இருக்கும்; விலை சமமாக இருந்தால் அவற்றுக்கே என் ஓட்டு.

டெலி என்றதும் பத்திரிகைக்காரர்கள் தூக்கித் திரியும் ஒன்றரைக் கிலோ எடையுள்ள லென்ஸ் நினைவுக்கு வரலாம். நமக்கு அது வேண்டியதே இல்லை. கேனானின் 55-250 மி.மீ. எஸ்டிஎம் லென்ஸின் எடை 375 கிராம். நிகானின் ஏஎஃப்-பி 70-300, சோனியின் 55-210 ஆகியவையும் அந்த வகுப்பைச் சேர்ந்தவையே. இவை எல்லாம் எஃப்/4.5-க்குக் கிட்டத் தொடங்கி எஃப்/6.3-க்குள் முடியும் மங்கலான லென்ஸ்கள், அதனால்தான் மலிவு. வெளிச்சமான லென்ஸுக்குக் கொடுக்கும் பெரும்பணம் எஃப்/2.8-இல் எடுப்பதற்கான கூலி. நிலக்காட்சியை யாரும் பெரும்பாலும் எஃப்/2.8-இல் எடுப்பதில்லை, எஃப்/8-இல் எடுக்கிறார்கள். எஃப்/8-இல் மலிவு லென்ஸும் தன் முழுத் திறமையைக் காட்டிவிடும். அதற்காக எஃப்/22 வரை துளையைச் சுருக்கிக்கொண்டே போவதும் தவறு. துளை சுருங்கச் சுருங்க ஒளி அலை விளிம்பில் பட்டுப் பரவி, ஒரு புள்ளி வட்டமாகிவிடும். எஃப்/16-இல் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 21 மைக்ரான். 24 மெகாபிக்சல் சென்சாரின் ஒரு புள்ளியோ 4 மைக்ரான்தான். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸானாலும் இந்த இயற்பியலிலிருந்து தப்ப முடியாது.

டெலி லென்ஸ் ஆளைச் சோம்பேறியாக்கும், காலால் நடந்து ஜூம் செய்யப் பழக வேண்டும் என்பது பழைய ஆசிரியர்களின் அறிவுரை. மணமேடைக்கும் தெருவுக்கும் அது பொருந்தும். பத்துக் கிலோமீட்டர் தூரத்து மலையை நோக்கி நூறு மீட்டர் நடந்தால் அதன் அளவு நூறில் ஒரு பங்கு மாறும்; யார் கண்ணிலும் படாது. ஆனால் அதே நூறு மீட்டர் நடை மலைக்கு முன்னால் நிற்கும் பனைமரத்தை முற்றிலும் மாற்றிவிடும். பனையின் உயரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 150 மீட்டர் தள்ளி நின்றால் பனையும் மலையும் படத்தில் சம உயரம். 50 மீட்டருக்கு நெருங்கினால் பனை மலையைப்போல் மூன்று மடங்கு. 600 மீட்டருக்குப் பின்வாங்கினால் பனை மலையின் கால்வாசியாகக் குறுகி, மலை எழுந்து அதன்மேல் கவிந்து நிற்கும். இந்த விகிதத்தை எந்த லென்ஸாலும் மாற்ற முடியாது. நிற்குமிடம் மட்டுமே தீர்மானிக்கிறது. லென்ஸ் செய்வது, அந்த இடத்திலிருந்து எவ்வளவு பகுதியைச் சட்டத்துக்குள் அடைப்பது என்பதை மட்டும். அந்த 600 மீட்டர் தூரத்து இடம்தான் சரியென்று தோன்றினால், கிட் லென்ஸோடு போனவருக்கு அது பயன்படாது. டெலி வைத்திருப்பவருக்குப் பயன்படும். ஆகவே டெலி லென்ஸ் நடையைக் குறைப்பதில்லை, நடக்க வேண்டிய நிலத்தை விரிவாக்குகிறது. நிற்குமிடமே படத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு 1981-இல் லாசாவில் கேலன் ரோவெல் எடுத்த வானவில் படம் நல்ல சான்று. வானவில் போத்தலா அரண்மனைமேல் இறங்குவதுபோல் அமையும் கோணத்தைப் பிடிக்க அவர் ஓடினார். இருந்த இடத்திலேயே நின்றிருந்தால் அரண்மனை ஓரிடத்திலும் வானவில் வேறிடத்திலும் இருந்திருக்கும். கையில் இருந்தது எளிதில் தூக்கி ஓடக்கூடிய 35 மி.மீ. கேமரா.

டெலி லென்ஸுக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் கனமான வாதம் புழுதியும் கானலும். பத்துக் கிலோமீட்டர் காற்றைத் தாண்டி எடுக்கிறோம். பங்குனி, சித்திரை மாத நண்பகலில் எடுத்தால் மலை சாம்பல் நிறத் திரைக்குப் பின்னால் நெளியும். எந்த விலை லென்ஸும் இதைச் சரிசெய்யாது. ஆனால் நேரத்தைத் தேர்ந்தால் இதுவே வரமாகிறது. வடகிழக்குப் பருவமழை காற்றைக் கழுவிவிட்ட ஐப்பசி, கார்த்திகைக் காலைகளில் மலையின் ஓடைவரிகள்கூட எண்ணும்படி தெரியும். மார்கழி, தை மாத மூடுபனியிலோ கொடைக்கானல், கொல்லிமலை முகடுகளிலிருந்து பார்த்தால் அடுத்தடுத்த மலைத்தொடர்கள் ஒன்றைவிட ஒன்று வெளிறிக்கொண்டே போகும். அந்த அடுக்குகளைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டுவது டெலி லென்ஸால் மட்டுமே முடிகிற காரியம். நேரத்தைப் பற்றி வெளிநாட்டு நூல்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறி இறங்குகிறது. அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயர மதுரையில் சுமார் 25 நிமிடம். இரவும் பகலும் சமமான நாளில் லண்டனில் 40 நிமிடத்தை ஒட்டும். பொன்னிற வெளிச்சம் நமக்குக் கிடைப்பது அரை மணிக்கும் குறைவு. சூரியன் எழுவதற்கு முன்பே இடத்தைத் தேர்ந்து முக்காலியை விரித்திருக்க வேண்டும்.

கை நடுக்கம் அடுத்த குறை. 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/320 விநாடி வேகம் வேண்டும் என்பது பழைய கணக்கு. லென்ஸுக்குள்ளிருக்கும் அதிர்வுத் தடுப்பு அதை 1/40 வரை இறக்கித் தரும். அதற்கும் கீழே போக முக்காலிதான் வழி. எடை தாங்கும் உறுதியான முக்காலியில் கேமராவை வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டு, அதிர்வுத் தடுப்பை அணைத்து எடுத்தால் மலிவு லென்ஸும் மணிமணியான படம் தரும். காற்றில் ஆடும் மலிவு முக்காலியைவிட முக்காலியே இல்லாமல் இருப்பது நல்லது. கேமராவில் மிச்சம் பிடித்ததை இங்கே செலவழிக்க வேண்டும். அடுத்து ஒரு போலரைசர் பில்டர். ஈர இலையின் பளபளப்பையும் நீர்ப்பரப்பின் கூச்சத்தையும் விலக்கி உள்ளிருக்கும் நிறத்தைக் காட்டும் இந்த வேலையைக் கணினியில் பிறகு செய்ய முடியாது. வைடு லென்ஸில் மாட்டினால் வானத்தின் ஒரு பகுதி கருத்தும் மற்றொரு பகுதி வெளிறியும் போகும். டெலியில் அந்தத் தொல்லை இல்லை. கேனானின் 18-55, 55-250 எஸ்டிஎம் லென்ஸ்கள் இரண்டுக்கும் 58 மி.மீ. பில்டர் என்பதால் ஒன்றே போதும்.

பயன்படுத்திய லென்ஸ் வாங்குகிறவர் நம் கடலோர ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, பின்பக்கமிருந்து கைப்பேசி விளக்கை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பார்த்தால் சிலந்திவலைபோல் கிளைகிளையாகத் தெரியும். தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அருகிலிருக்கும் நல்ல லென்ஸுக்கும் அது பரவக்கூடும். சிறு தூசியைப் பற்றிக் கவலை வேண்டாம். கேமராவில் ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியது என்று கேட்க வேண்டும். நிகான் டி3300-இன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தினால் ஆண்டுக்கணக்கில் பூஞ்சை அண்டாது. தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டிவைப்பதே லென்ஸுக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல்.

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கைப்பேசியில் கடந்த ஓராண்டில் எடுத்த மலை, கடல், வயல் படங்களைத் திறந்து, எத்தனை படங்களில் விரல்களை விரித்துப் பெரிதாக்கினீர்கள் என்றும், பிறகு எத்தனை படங்களின் ஓரத்தை வெட்டினீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் அகலமாக வந்திருக்கலாமே என்று தோன்றிய படங்களையும் தனியே எண்ணுங்கள். பின்னது அதிகம் என்றால் நான் சொன்னதை ஒதுக்கிவிட்டு வைடு லென்ஸே வாங்குங்கள். முன்னது அதிகம் என்றால், பயன்படுத்திய ஏபிஎஸ்-சி கேமரா, கிட் லென்ஸ், 250 மி.மீ. வரை போகும் ஒரு டெலி, உறுதியான முக்காலி, இந்த வரிசையில் வாங்குங்கள். மிச்சப் பணத்தை மழை ஓய்ந்த காலையில் மலையடிவாரம் போகும் பேருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.